கேரவன் இழுக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதிக்கொள்வது.  

பழைய லேண்ட் குரூசரை விற்றுவிட்டுப் புதிய வண்டி வாங்குவதா, அல்லது இருக்கிற இயந்திரத்துக்கே டர்போ பூட்டிக்கொள்வதா, எதைச் செய்தால் வரும் கோடை விடுமுறையில் கேரவனைக் கான்பெராவிலிருந்து பேட்மன்ஸ் பே வரை சிரமமின்றி இழுத்துச் செல்லலாம் என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். காரணங்களைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

உன் வண்டியில் இருப்பது ஒன்-எச்-இசட் என்னும் 4.2 லிட்டர் டீசல் இயந்திரம். ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, முழுச் சக்தியும் ஏறத்தாழ 96 கிலோவாட்டுதான். வண்டியும் கேரவனுமாக 4 டன் பாரம் நூற்றுக்கு எட்டு என்னும் ஏற்றத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவேண்டுமானால், அந்தப் பாரத்தை உயரத் தூக்குவதற்கு மட்டுமே 52 கிலோவாட்டு செலவாகிவிடுகிறது; சக்கரங்களின் உராய்வுக்கும் எதிர்காற்றுக்கும் கியர்களில் வீணாவதற்கும் கொடுத்தது போக மிச்சம் ஒன்றும் இராது. ஆகவே வழியிலுள்ள கிளைட் மலையேற்றத்தில் உன் வண்டி ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்தான் ஊரும். அது இயந்திரத்தின் கோளாறு அன்று, கணக்கு அவ்வளவுதான். இதை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொண்டவனுக்கு அந்த ஏற்றத்தில் பதற்றம் இராது.

இவ்வியந்திரத்தின் இழுவிசை உச்சத்தை எட்டுவது நிமிஷத்துக்கு 2,200 சுற்றுக்கு அருகில் என்பதால், அதற்குக் கீழே இறங்கவிடாமல், வேகம் தளரத் தொடங்கும்போதே, முக்கி முனகத் தொடங்கும் வரை காத்திராமல், மூன்றாம் கியருக்கு மாற்றிவிடு. சமதரையிலும் ஐந்தாம் கியரை மறந்துவிடுவதே நல்லது. நான்காம் கியரில் சக்தி நேராகப் பின்பக்கம் போய்ச் சேர்கிறது, ஐந்தாவதிலோ சுமை முழுவதையும் கியர்ப் பற்களே தாங்கவேண்டியிருக்கிறது. சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதே. சூடு வெகுவாக ஏறிய பிறகுதான் அந்த முள் நகரும் சுபாவமுடையது. புறப்படுவதற்கு முன் ரேடியேட்டர் இதழ்களுக்கிடையில் அடைந்திருக்கும் பூச்சிகளையும் புல்விதைகளையும் பின்புறமிருந்து மெல்லத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடு. பத்து நிமிஷ வேலை. பெரிய செலவை அது தடுக்கும்.

டர்போ பூட்டி நன்றாக ஓட்டுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் டர்போ இல்லாமலே ஓடுவதற்கென்று வகுக்கப்பட்ட இயந்திரத்தில் காற்றையும் எரிபொருளையும் அதிகமாகச் செலுத்தினால், நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன்களும் தலைப்பகுதியும் அந்த உஷ்ணத்தைத் தாங்கியாக வேண்டும்; புகைக்குழாயின் வெப்பம் காட்டும் கருவியும் அதைக் கவனித்து மிதியைத் தளர்த்தும் பொறுமையும் உள்ளவனுக்கே அது உகந்தது. அவ்வளவு பொறுமை இருக்குமானால் டர்போ இல்லாமலே மலை ஏறிவிடலாம் அல்லவா?

நெடுஞ்சாலையில் உன் சக்தியை விழுங்குவது காற்று. காற்றைக் கிழிப்பதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி உயர்வதால், நூறில் போகிறவன் எண்பதுக்கு இறங்கினால் அச்செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. எண்பதிலேயே போ, பின்னால் வரிசை சேர்ந்தால், இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி வழி விடு.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டதெல்லாம் ஏற்றத்தைப் பற்றி. இறக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட உன் கடிதத்தில் இல்லை. கான்பெராவிலிருந்து போகிறவனுக்குக் கிளைட் மலை முதலில் இறக்கமாகத்தான் வருகிறது என்பதை யோசித்தாயா? மாட்டுவண்டிக்கு முன்பாரம் பின்பாரம் பார்த்துச் சுமை ஏற்றுவார்களே, அதே நியாயம் இதற்கும் பொருந்தும்: கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமரவேண்டும், 1,600 கிலோவானால் 160. பின்பாரம் மிகுந்துவிட்டால் இறக்கத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்போது கால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டர் மிதியை விட்டுவிட்டு, கேரவனின் மின்சார பிரேக்கை மட்டும் கையால் அழுத்து. அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடாமல் கை தானே போகும் அளவுக்கு வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்.

உச்சியிலேயே மூன்றாம் கியருக்கும், தேவையானால் இரண்டாவதுக்கும் இறங்கிவிடு. வேகம் பிடித்த பிறகு கியரை இறக்கப் பார்ப்பது அபாயம். பிரேக்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டிராமல், விட்டு விட்டு அழுத்தமாகப் பிடி. குழந்தைகள் கரடிப் பொம்மைகளை வைத்துவிட்டுப் போகும் ‘பூ கரடியின் மூலை’ என்னும் இடம் வழியில் வரும். பின்னாலிருந்து உன் பிள்ளைகள் கூவுவார்கள். அவர்கள் பார்க்கட்டும், உன் கண் சாலையை விட்டு அகலவேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே வைத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் நிரப்பிக்கொள். லிட்டருக்கு ஒரு கிலோ. எல்லாச் சாமானும் ஏற்றி, குழந்தைகளையும் உட்கார வைத்து, வண்டியையும் கேரவனையும் ஓர் எடைமேடையில் நிறுத்தித் தனித்தனியாக நிறுத்துப் பார். கேரவன் வண்டியைவிடக் கனமாக இருந்தால் புறப்படாதே. மாமியின் தம்பியிடம் உள்ள சிறிய கேரவனை நானே கேட்டு வாங்கித் தருகிறேன். எடைச்சீட்டு கைக்கு வந்ததும் எனக்கு எழுது. அக்காவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா