25 மீட்டர் குளத்துக்கு வீட்டு ரோபோ: நான் தொலைச்ச ஒரு லட்சமும், நீங்க போட வேண்டிய கணக்கும்



"சம்பளக்காரங்களுக்கு நீச்சல் குளம் சுத்தம் பண்ற மிஷின் எதுக்கு ப்ரோ?"னு கேட்பீங்க. காரணம் இருக்கு. உங்க அப்பார்ட்மென்ட்ல குளம் இருந்தா, அதோட பராமரிப்புச் செலவு உங்க மெயின்டனன்ஸ் பில்லுலதான் வருது. ஊர்ல நிலம் இருக்கிற பல பேர், வார இறுதி வருமானத்துக்காகத் தோட்டத்துல குளம் கட்டுறாங்க. ரெண்டும் இல்லைன்னாலும், பெரிய விலை போட்டு எந்த மிஷின் வாங்குறதுக்கும் இதே கணக்குதான்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன்.

என்ன நடந்துச்சு?

திண்டுக்கல்–வத்தலக்குண்டு ரோட்டுல சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. அதுல 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலத்துல ஒரு குளம். கோடையில பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, மத்த நாள்ல மணிக்கு இவ்வளவுன்னு டிக்கெட். குளத்தைப் பார்த்துக்கிற அண்ணன் தினமும் விடியக்காலை அஞ்சரைக்கு வேக்யூம் குழாயைப் பிடிச்சா, முடிக்க எட்டு மணி ஆயிடும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு போனஸ் வந்துச்சு. சித்தப்பாவுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை. ஆன்லைன்ல நல்ல ரிவ்யூ பார்த்து, ஒரு லட்ச ரூபாய்க்கு ரோபோ கிளீனர் ஒண்ணு வாங்கினேன். போனஸைக் கையில வச்சுக்கிட்டே 12 மாச இ.எம்.ஐ. போட்டேன். பெட்டி மேல "12 மீட்டர் வரையுள்ள வீட்டுக் குளங்களுக்கு"ன்னு எழுதியிருந்துச்சு. "ரெண்டு தடவை ஓட்டினா 25 மீட்டர் ஆயிடும்"னு நானே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன்.

ரெண்டாவது வாரமே சித்தப்பா போன் பண்ணினார்: "என்னப்பா, உன் மிஷின் அந்தக் கடைசி மூலைக்குப் போகவே மாட்டேங்குது?"

கேபிள் 18 மீட்டர். மின்சாரப் பெட்டியைக் குளத்து விளிம்புல இருந்து குறைஞ்சது 3 மீட்டர் தள்ளி வைக்கணும். மிச்சம் 15. நீளவாக்குக் கரையின் நடுவுல வச்சாக்கூட எதிர் மூலை 17.7 மீட்டர். பத்தாம் வகுப்பு பிதாகரஸ் தேற்றம்தான். வாங்குறதுக்கு முன்னாடி நான் போட்டுப் பார்க்கலை.

தினமும் மூணு சுற்று ஓட்டினதுல ஏழாவது மாசம் மோட்டார் போச்சு. சர்வீஸ்ல, "டிக்கெட் போட்டு நடத்துற குளம் வணிகப் பயன்பாடு, வாரண்டி செல்லாது"ன்னு சொல்லிட்டாங்க. வாரண்டி அட்டையில அது எழுதியே இருந்துச்சு. மிஷின் செத்த பிறகும் எனக்கு அஞ்சு இ.எம்.ஐ. பாக்கி.

நம்ம ஊர் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. பூட்டு ஊர்க்காரங்க யாரும் பூட்டு அழகா இருக்குன்னு வாங்க மாட்டாங்க. எந்தக் கதவுக்குன்னுதான் முதல்ல கேட்பாங்க. நான் கதவைப் பார்க்காம பூட்டு வாங்கினவன்.

மிஷின்ல மூணு வகை

1. உறிஞ்சும் வகை. குளத்தோட மெயின் பம்ப் இழுக்கிற விசையிலேயே ஓடும். 1974-ல தென்னாப்பிரிக்காவுல ஃபெர்டினாண்ட் ஷோவியே கொண்டுவந்த 'க்ரீப்பி க்ராலி' இந்த வகையில பேர் போனது. விலை குறைவு. ஆனா உறிஞ்சின அழுக்கெல்லாம் நேரா உங்க சாண்ட் ஃபில்டருக்குத்தான் போகும்.

2. அழுத்த வகை. தண்ணியைப் பீய்ச்சி அந்த விசையில நகரும். இலை, சருகை எல்லாம் தன் பையிலேயே பிடிச்சுக்கும். தோப்புக்குள்ள இருக்கிற குளத்துக்கு இது நல்லது. பெரும்பாலும் தனி பூஸ்டர் பம்ப் வேணும். கரண்ட் பில் ஏறும்.

3. ரோபோ வகை. சொந்த மோட்டார், சொந்த ஃபில்டர். மின்சாரப் பெட்டி வழியா குறைஞ்ச வோல்ட்டேஜ்ல ஓடும். நுண்ணிய தூசியையும் பிடிக்கும், சுவரையும் தேய்க்கும். இதுல வீட்டு மாடல் வேற, வணிக மாடல் வேற. 25 மீட்டர், 50 மீட்டர் குளங்களுக்குன்னே நீளமான கேபிளோட தனி மாடல்கள் இருக்கு. விலையும் பல மடங்கு.

நம்ம பக்கத்து நிலைமை

திண்டுக்கல் சமவெளியில மூணு விஷயம் உண்டு. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா, செம்மண் தூசி எம்மாத்திரம்? அது நேரா குளத்து அடியிலதான் படியும். ரெண்டாவது, போர் தண்ணி பல இடத்துல கடினத் தண்ணி. டைல்ஸ் ஓரத்துல வெள்ளையா உப்புப் படியும். எந்த ரோபோ பிரஷ்ஷும் இறுகின உப்பை எடுக்காது. பி.எச். அளவை 7.2-க்கும் 7.6-க்கும் நடுவுல வச்சிருந்தாத்தான் அது கட்டுக்குள்ள இருக்கும். மூணாவது, கோடைத் தண்ணிப் பஞ்சம். இந்த மூணாவதுதான் கணக்கையே மாத்துது.

சித்தப்பா குளத்தோட சராசரி ஆழம் 1.4 மீட்டர். 25 × 12.5 × 1.4 = 437.5 கன மீட்டர், அதாவது 4,37,500 லிட்டர். இவ்வளவு தண்ணியும் 6 மணி நேரத்துல ஒரு தடவை ஃபில்டர் வழியா சுத்தணும்னா, பம்ப் மணிக்கு சுமார் 73,000 லிட்டர் தள்ளணும். அதே வேகத்துல 4 நிமிஷம் பேக்வாஷ் பண்ணினா சுமார் 4,900 லிட்டர் சாக்கடைக்குப் போகுது.

கை வேக்யூம்ல அழுக்கு சாண்ட் ஃபில்டருக்குப் போறதால வாரம் மூணு பேக்வாஷ். ரோபோ அழுக்கைத் தனக்குள்ளேயே வச்சுக்கிறதால வாரம் ஒண்ணு போதும்னு வச்சுக்குவோம். வாரம் 9,800 லிட்டர் மிச்சம். வருஷத்துக்கு 5,09,600 லிட்டர்.

திரும்பப் படிங்க. அது முழுக் குளத்தையும் ஒரு தடவை நிரப்புறதை விட அதிகம்!

அஞ்சு வருஷக் கணக்கு

இது விலைப்பட்டியல் இல்ல, உதாரணம். கொட்டேஷன் வாங்கி உங்க எண்ணைப் போட்டுக்கங்க.

வணிக ரோபோவுக்கு ஆகுற செலவு:
- விலை: 4,50,000
- மூணாவது வருஷத்துல இருந்து பிரஷ், பெல்ட், ஃபில்டர் மாத்த வருஷம் 20,000: மொத்தம் 60,000
- கரண்ட், ஒரு நாளைக்கு 1 யூனிட், வருஷம் 312 நாள், யூனிட் 10 ரூபாய்: 15,600
- மொத்தம்: 5,25,600 ரூபாய்

மிச்சமாகுறது:
- தண்ணி: வருஷத்துல நாலு மாசம்தான் லாரித் தண்ணி, லிட்டர் 10 பைசான்னு வச்சா வருஷம் சுமார் 17,000. அஞ்சு வருஷத்துக்கு 85,000
- வேலை நேரம்: கை வேக்யூமுக்கு வருஷம் 780 மணி நேரம். ரோபோ இருந்தாலும் இறக்க, ஏத்த, ஃபில்டர் கழுவ 156 மணி நேரம் வேணும். மிச்சம் 624 மணி நேரம். மணிக்கு 80 ரூபாய்னா அஞ்சு வருஷத்துக்கு 2,49,600
- மொத்தம்: 3,34,600 ரூபாய்

அப்போ 1,91,000 ரூபாய் நஷ்டம்! "மிஷின் தன் காசைத் தானே எடுத்துடும்"னு விற்கிறவர் சொல்றது இங்க நடக்கலை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. குளம் பார்க்குற அண்ணனுக்கு மாசச் சம்பளம். 624 மணி நேரம் குறைஞ்சதால அவர் சம்பளம் குறையப் போறதில்ல, குறைக்கவும் கூடாது. குளோரின் பார்க்கறது, டைல்ஸ் ஓரம் தேய்க்கறது, இலை அள்ளறது எதையும் ரோபோ செய்யாது. அதனால அந்த 2,49,600 காகிதத்துல மட்டும்தான் மிச்சம், கையில வராது.

அப்போ எப்போ வாங்கலாம்?

மிஷின் உங்களுக்கு விக்கிறது சுத்தத்தை இல்ல. சுத்தத்தை அந்த அண்ணன் ஏற்கனவே குடுத்துக்கிட்டுத்தான் இருந்தார். மிஷின் விக்கிறது நேரமும் தண்ணியும். அந்த நேரத்தைக் காசாக்க முடிஞ்சா வாங்குங்க. முடியலைன்னா வேணாம்.

ரோபோ ராத்திரியே வேலையை முடிச்சுட்டா, குளத்தை எட்டு மணிக்குப் பதிலா ஆறு மணிக்கே திறக்கலாம். கோடையில 60 நாள், கூடுதலா ஒரு பேட்ச், 10 பிள்ளைங்க, கோச் கூலி போக ஆளுக்கு 100 ரூபாய் நின்னா வருஷம் 60,000. அஞ்சு வருஷத்துக்கு 3,00,000. தண்ணி மிச்சத்தையும் சேர்த்தா 3,85,000. இன்னும் 1,40,600 குறையுது. ஒரே நேரத்துல ரெண்டு பேட்ச் நடத்தினா 6,85,000, இப்போ லாபம்.

அதனால ரெண்டாவது தடவை நாங்க தலைகீழா செஞ்சோம். முதல்ல வருமானம், அப்புறம் மிஷின். ஒரு கோடை முழுக்க, அண்ணனுக்குக் கூடுதல் கூலி குடுத்து ராத்திரியே சுத்தம் பண்ணச் சொல்லி, காலை ஆறு மணிக்கு ரெண்டு பேட்ச் நடத்திப் பார்த்தோம். பிள்ளைங்க வந்தாங்க. நான் மாசம் 7,500 ரூபாய் ஆர்.டி. போட்டேன் (4,50,000-ஐ 60 மாசத்தால வகுத்தா வர்ற தொகை). அந்தப் பணத்தோட குளத்து வருமானத்தையும் சேர்த்து, போன வருஷம் கடன் இல்லாம வணிக மாடல் வாங்கினோம். இப்பவும் மாசா மாசம் ஒரு தொகையை ஒதுக்குறோம், அடுத்த மிஷினுக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி ஆறு கேள்வி

1. என் குளத்தோட நீளம், அகலம், ஆழம் என்ன? மாடல் அந்த அளவுக்குத்தானா?
2. பெட்டியை 3 மீட்டர் தள்ளி வச்ச பிறகும் கேபிள் கடைசி மூலைக்கு எட்டுமா?
3. வணிகப் பயன்பாட்டுக்கும் அப்பார்ட்மென்ட் குளத்துக்கும் வாரண்டி உண்டா? எழுத்துல வாங்குங்க.
4. உதிரி பாகம் எங்கிருந்து, எத்தனை நாள்ல வரும்? வெளிநாட்டுல இருந்து நேரா இறக்கினா சர்வீஸ் யார் பார்ப்பாங்க?
5. அந்தப் பாயின்ட்டுக்கு எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கா? ரோபோ தண்ணியில இருக்கும்போது யாரும் குளத்துல இறங்கக் கூடாது. இதுல சமரசமே கிடையாது.
6. "நோ காஸ்ட்" இ.எம்.ஐ.ன்னா, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, மொத்தமா கட்டினா கிடைக்கிற தள்ளுபடி எவ்வளவு?

ஒரு வரி கணக்கு விஷயமும் இருக்கு. குளம் தோட்டத்துக்குள்ள இருந்தாலும் டிக்கெட் வருமானம் விவசாய வருமானம் ஆகாது. வருமான வரியில காட்டணும். அதே சமயம் மிஷினுக்குத் தேய்மானம் கழிக்கலாம். உங்க ஆடிட்டரைக் கேட்டுக்கங்க.

கடைசியா, காசை விட முக்கியமானது. கரையில நின்னு பார்த்தா அடியில இருக்கிற வடிகால் மூடி தெளிவாத் தெரியணும். தெரியலைன்னா, எத்தனை லட்ச ரூபாய் மிஷின் இருந்தாலும் அன்னைக்குக் குளத்தைத் திறக்காதீங்க. கலங்கின தண்ணிக்கு அடியில ஒரு பிள்ளை கிடந்தா மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாது.

உங்க அப்பார்ட்மென்ட் குளத்தோட அளவையும், வாரத்துக்கு எத்தனை பேக்வாஷ்னும் கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அந்த எண்களை வச்சே கணக்குப் போட்டுக் காட்டுறேன். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல யாராவது "ரோபோ வாங்கிடலாம்"னு ஆரம்பிச்சா, இந்த ஆறு கேள்வியையும் கேளுங்க. ஒரு லட்சம் கட்டி நான் கத்துக்கிட்டது, உங்களுக்கு இலவசம்!