'ஆல்' ஒன்று, 'இஃப்' மூன்று

வியாபாரக் கடிதங்களில் வரும் 'இஃப்' என்ற சிறு சொல்லுக்கு நம் அன்பர்கள் 'ஆல்' என்று ஒரே பொருள் கொண்டுவிடுகிறார்கள். 'ரொக்கம் கொடுத்தால் சரக்கு தருவோம்' என்று ஒருவர் நேரில் சொல்லும்போது, அது உறுதியா, வெறும் பேச்சா என்பதை அவர் குரலே காட்டிவிடும். கடிதத்துக்குக் குரல் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல் செய்கிறது.

முதலாவது: 'இஃப் யூ பே கேஷ், வி வில் சப்ளை ஃபிஃப்டி பேக்ஸ்.' ரொக்கம் கொடுத்தால் 50 மூட்டை தருவோம். இது நடக்கக்கூடியது, 'வில்' என்பது வாக்கு. பணம் கட்டுவது நாளைக்கே ஆனாலும் 'இஃப்' பக்கத்தில் 'பே' என்று நிகழ்காலமே வரும். அங்கே 'வில் பே' என்று எழுதுவது பிழை.

இரண்டாவது: 'இஃப் யூ பெய்ட் கேஷ், வி வுட் சப்ளை ஃபிஃப்டி பேக்ஸ்.' 'பெய்ட்' இறந்தகாலம் போலத் தோன்றினாலும் இங்கே நடந்ததைக் குறிக்கவில்லை. 'நீங்கள் ரொக்கம் கொடுப்பவராக இருந்தால் தருவோம்; கொடுப்பீர்களென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை' என்பதே உட்கருத்து. இதை வாக்கென்று நம்பி வாடிக்கைக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டால், சரக்கு வராமல் நம் நாணயம் கெடும்.

மூன்றாவது: 'இஃப் யூ ஹேட் பெய்ட் கேஷ், வி வுட் ஹேவ் சப்ளைட் ஃபிஃப்டி பேக்ஸ்.' கொடுத்திருந்தால் தந்திருப்போம். அதாவது கொடுக்கவுமில்லை, தரவுமில்லை. தமிழிலும் 'இருந்தால்', 'இருப்போம்' என்று இதே அமைப்பு உண்டாகையால் இது எளிது. இப்படிக் கடிதம் வந்தால் சரக்குக்குக் காத்திராமல், புதிதாக விலை கேட்டு எழுத வேண்டும்.

ஆகவே 'இஃப்' கண்டவுடன் வாக்கியத்தின் மறுபாதியைப் பார்க்கவும். 'வில்' வாக்கு, 'வுட்' யோசனை, 'வுட் ஹேவ்' முடிந்துபோன காரியம். சிலர் மரியாதைக்காகவும் 'வுட்' எழுதுவதுண்டு. சந்தேகமிருந்தால் 'வில் யூ சப்ளை?' என்று ஒரு வரி எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகு பணத்தைக் கட்டவும்.

பயிற்சி: இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கவும்.

1. கப்பல் திங்கட்கிழமை வந்தால் அன்றே பணம் கட்டுவோம்.
2. விலை இறங்கியிருந்தால் 20 மூட்டை வாங்கியிருப்போம்.

விடை:

1. இஃப் தி ஷிப் அரைவ்ஸ் ஆன் மண்டே, வி வில் பே தி சேம் டே.
2. இஃப் தி பிரைஸ் ஹேட் ஃபாலன், வி வுட் ஹேவ் பாட் ட்வென்ட்டி பேக்ஸ்.