மருந்துக்குத் துணை நிற்கும் எள்

பெங்களூர் சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட் இருக்கிறது. 1927-இல் கட்டப்பட்ட பழைய சந்தை. விடிவதற்கு முன்பே அங்கே காய்கறி மூட்டைகள் வந்து இறங்கும்.

அங்கே ஓர் அம்மா முட்டைக்கோஸ் விற்கிறார். ஒரு நாள் அவருடைய அண்ணன் கோஸ் மூட்டையோடு வந்தார். அவருக்கு மாலூர் பக்கம் ஒரு ஏக்கர் கோஸ் தோட்டம். அவர் முகம் வாடி இருந்தது.

“என்ன அண்ணா, இலையெல்லாம் சல்லடை மாதிரி இருக்கு?”

“பூச்சி தங்கச்சி. நாலு தடவை மருந்து அடிச்சாச்சு. சாகவே இல்லை. போன தடவை ரெண்டு மடங்கு ஊத்தி அடிச்சேன். எனக்குத்தான் தலை சுத்தி வாந்தி வந்தது. மருந்துக் கடையில கடன் வேற.”

மருந்து அடித்தும் பூச்சி ஏன் சாகவில்லை?

பூச்சி பழகிக் கொள்கிறது

கோஸைத் தின்பது வைரமுதுகுப் பூச்சியின் பச்சைப் புழு. மருந்து அடித்தால் பெரும்பாலான புழுக்கள் சாகும். ஒன்றிரண்டு பிழைக்கும். ஏன்? அவற்றின் உடலில் விஷத்தை உடைக்கும் சக்தி அதிகம். உடலில் உள்ள நொதிகள் இந்த வேலையைச் செய்கின்றன.

பிழைத்த பூச்சிகள் முட்டை இடும். குஞ்சுகளுக்கும் அந்தச் சக்தி இருக்கும். வெயில் காலத்தில் ஏறக்குறைய 3 வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதனால் சில ஆண்டுகளிலேயே மருந்து பலிக்காமல் போகிறது. 1953-இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இந்தப் பூச்சி டி.டி.டி. மருந்துக்கே சாகவில்லை.

அளவைக் கூட்டினால் தீருமா? தீராது. வலுவான பூச்சிகள் மட்டும் மிஞ்சும். விஷம் மனிதனைத் தாக்கும்.

எள் செய்த உதவி

சாமந்தி இனத்தில் பைரீத்ரம் என்று ஒரு பூ உண்டு. அதிலிருந்து பூச்சி மருந்து எடுக்கிறார்கள். 1940-இல் அமெரிக்காவில் அந்த மருந்தோடு நல்லெண்ணெயைச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்லெண்ணெய் மட்டும் ஈயைக் கொல்லவில்லை. ஆனால் மருந்தோடு சேர்ந்தபோது மருந்தின் வேகம் கூடியது!

எள்ளில் செசமின், செசமோலின் என்ற பொருள்கள் உள்ளன. அவை பூச்சியின் நொதிகளைத் தடுக்கின்றன. வீட்டுக் காவலாளியின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டால், மற்றவர் உள்ளே நுழையலாம் அல்லவா? அதுபோலத்தான். எள் கையைப் பிடிக்கிறது. மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது. இப்படிப்பட்ட பொருளைத் ‘துணைப் பொருள்’ என்று சொல்லலாம்.

பெங்களூரில் சப்சிகே கீரை என்று விற்கிறார்களே, அது சதகுப்பை. நம் நாட்டுச் சதகுப்பை விதை எண்ணெயில் டில்லாபியோல் என்ற பொருள் உண்டு. அதற்கும் இந்தக் குணம் இருக்கிறது. புங்க எண்ணெயையும் இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

துணைப் பொருள் இருந்தால் குறைந்த மருந்தே போதலாம். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் இது பலிக்காது. சில பூச்சிகள் வேறு வழியிலும் மருந்தைத் தாங்குகின்றன.

கவனம்!

வீட்டு நல்லெண்ணெயை நாமே மருந்தில் ஊற்றிக் கலக்கக் கூடாது. இலை கருகலாம். மருந்தின் வேகம் கூடி அடிப்பவருக்கும் ஆபத்து வரலாம்.

வேறு என்ன செய்யலாம்?

பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. அது சொல்லும் வழிகள் இவை:

1. 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு போடுங்கள். ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு விதைக்க வேண்டும். மற்றொன்றை நட்ட 25 நாள் கழித்து விதைக்க வேண்டும். பூச்சி கடுகைத் தேடிப் போகும்.
2. வேப்பங்கொட்டைத் தூள் கரைசல் அடியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ தூள்.
3. வேப்பம் சோப்பு, புங்கம் சோப்புக் கரைசலும் அடிக்கலாம்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

தங்கை சொன்னார்: “அண்ணா, கடைக்காரரைக் கேட்டது போதும். நாளைக்கு ரைத சம்பர்க்க கேந்திரத்துக்குப் போ. புழு தின்ன இலையையும் மருந்து டப்பாவையும் எடுத்துட்டுப் போய்க் காட்டு.”

அண்ணன் தலையாட்டினார். “டப்பாவில எழுதினதை நீ ஒரு தடவை படிச்சுக் காட்டு தங்கச்சி.”

தங்கை டப்பாவை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

பதில் சொல்லுங்கள்

1. மருந்து அடித்தும் சில பூச்சிகள் ஏன் பிழைக்கின்றன?
2. எள் மருந்துக்கு எப்படித் துணை செய்கிறது?
3. மருந்தின் அளவை இரண்டு மடங்காக்கினால் என்ன கெடுதல்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் எந்த மருந்து இப்போது பலிப்பதில்லை? அதற்கு யாரிடம் யோசனை கேட்கிறீர்கள்?