பாங்காக்கில் எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம்: பயனுள்ள குறிப்புகள்

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் பாங்காக் போய்விடலாம். அதனால்தான் குடும்பத்தோடு முதல்முறை வெளிநாடு கிளம்புகிறவர்கள் பலர் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விமான டிக்கெட் எடுத்த கையோடு விலை குறைந்த ஓட்டலைத் தேடிப் பணம் கட்டிவிடுவார்கள். எதைப் பார்க்கலாம் என்று அங்கே போன பிறகுதான் யோசிப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும்.

1. முதலில் பார்க்க விரும்பும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். அரண்மனை, வாட் போ, வாட் அருண் கோயில்கள் எல்லாம் நகரின் மேற்கே, சாவோ பிரயா ஆற்றின் கரையில் இருக்கின்றன. பெரிய மால்களும் துணிச் சந்தையும் நடுவே சியாம், பிரதூநாம் பக்கம். சுகும்வித் சாலை கிழக்கே நீளுகிறது. மாலை நேரத்தில் இவற்றுக்கிடையே டாக்சியில் போனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆவதும் உண்டு. உங்கள் பட்டியலில் எந்தப் பக்கம் அதிகம் வருகிறதோ, அந்தப் பக்கத்துக்கு ரயிலோ படகோ நேராகப் போகும் இடத்தில் தங்குங்கள்.

2. ஓட்டலின் நட்சத்திரத்தைப் பார்க்கும் முன் ரயில் நிலையத்திலிருந்து அது எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். ஐந்நூறு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. அந்த வெயிலில், பெட்டியும் குழந்தையுமாக அதற்கு மேல் நடக்க முடியாது. ‘ஸ்டேஷன் அருகில்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெருவை அங்கே ‘சோய்’ என்கிறார்கள். சில சோய்கள் இரண்டு கிலோமீட்டர் கூட உள்ளே போகும். ஒற்றைப்படை எண் சோய்கள் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். எண்கள் எதிரெதிரே ஒத்துப்போவதும் இல்லை. சுகும்வித்தில் 21ஆம் சோய்க்கு எதிரே 22 இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. சோய் முனையில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பைக் டாக்சிக்காரர்கள் நிற்பார்கள். இளைஞர்களுக்கு அது வசதி. வயதான அம்மாவை அதில் ஏற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

3. எந்தப் பகுதியில் தங்குவது? என் கணிப்பில், பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்கு சீலோம்–சாத்தோர்ன் பகுதிதான் முதல் தேர்வு. அங்கே சபான் தாக்சின் நிலையத்தில் மேம்பால ரயிலிலிருந்து இறங்கினால் கீழேயே படகுத் துறை. அரண்மனைக்குப் படகில் போகலாம், கடைவீதிக்கு ரயிலில் போகலாம். மாரியம்மன் கோயிலும் பக்கத்தில்.

கடைகளுக்காகவே போகிறவர்களுக்கு சியாம் வசதி. மேம்பால ரயிலின் இரண்டு முக்கியத் தடங்கள் அங்கேதான் சந்திக்கின்றன. பிரதூநாமில் மொத்த விலைத் துணிக்கடைகளும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் நிறைய. அதனால் நம்மவர்கள் அங்கேயே தங்குகிறார்கள். ஆனால் அந்த நாற்சந்தியின் நெரிசல் கடுமையானது. அங்கே தங்குவதானால் விமான நிலைய ரயிலின் ராட்சபராரோப் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய ஓட்டலாகப் பாருங்கள்.

சுகும்வித்தில் அசோக் நல்ல சந்திப்பு, மேம்பால ரயிலும் சுரங்க ரயிலும் இங்கே சேர்கின்றன. அடுத்த நிலையமான நானாவைச் சுற்றி இந்திய உணவகங்கள் பல உண்டு என்றாலும் சில சந்துகள் இரவில் மதுக்கடைகளால் நிறைந்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி பிரோம் போங் அல்லது ஓன் நட்டில் தங்கலாம். ஓன் நட்டில் வாடகையும் குறைவு.

பழைய நகரில் தங்கினால் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். காவ் சான் தெரு மட்டும் வேண்டாம், நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது.

4. நம் ஊரிலிருந்து போகும் விமானங்களில் பல நள்ளிரவையொட்டிக் கிளம்பி அதிகாலையில் இறங்குகின்றன. பாங்காக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். ஓட்டலில் ரூம் கொடுப்பதோ பொதுவாகப் பிற்பகல் இரண்டு மணிக்கு. பெட்டிகளைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களா, முன்கூட்டியே ரூம் தர எவ்வளவு கூடுதலாகக் கேட்பார்கள் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். முதல் நாள் காலையில் லும்பினி பூங்கா போன்ற அமைதியான இடம் போதும். குளக்கரையில் ஆளுயர உடும்புகள் உலாவுவதைப் பிள்ளைகள் வெகுநேரம் வேடிக்கை பார்ப்பார்கள். அவற்றுக்கு எதுவும் ஊட்டவோ அருகில் போகவோ விடாதீர்கள்.

5. நான்கு பேர் குடும்பம் என்றால் இரண்டு ரூமைவிட சமையல் மேடையோடு கூடிய சர்வீஸ் அப்பார்ட்மென்ட் பல சமயம் மலிவாக முடியும். குழந்தைக்குப் பால் காய்ச்சவும் தயிர் சாதம் கலக்கவும் வழி இருக்கும். துணி துவைக்கும் மெஷினும் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. உள்ளே போகும்போது ஓட்டல்கள் முன்பணம் கேட்பது வழக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டுரியன் பழத்தை ரூமுக்குள் கொண்டுவந்தால் அபராதம் உண்டு. கறை பிடிக்கும் என்பதால் மங்குஸ்தானையும் பல ஓட்டல்களில் அனுமதிப்பதில்லை. இரண்டையும் சந்தையிலேயே உரித்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

7. நகருக்கு இரண்டு விமான நிலையங்கள், சுவர்ணபூமியும் டான் முவாங்கும். டிக்கெட்டில் எது என்று பார்த்த பிறகே ஓட்டலை முடிவு செய்யுங்கள். சுவர்ணபூமியின் கீழ்த்தளத்திலிருந்து கிளம்பும் ரயில் அரை மணி நேரத்தில் நகருக்குள் பயா தாய் நிலையம் போய்ச் சேரும், கட்டணம் அதிகபட்சம் 45 பாட். அந்தக் கீழ்த்தளத்தில் உள்ள பணமாற்றுக் கடைகளில், மேலே வெளியேறும் இடத்தில் இருப்பதைவிட நல்ல விலை கிடைக்கும். டான் முவாங்கிலிருந்து சிவப்புத் தட ரயில் உண்டு.

8. மேம்பால ரயிலுக்கும் சுரங்க ரயிலுக்கும் டிக்கெட் தனித்தனி. சுரங்க ரயிலில் வெளிநாட்டு வங்கி அட்டையையே கதவில் காட்டி நுழையலாம், ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும்.

9. ஆற்றுப் படகைத் தவறவிடாதீர்கள். ஆரஞ்சு கொடி கட்டிய படகில் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வருகிறார்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், அதுவும் மிகக் குறைவு. சுற்றுலாப் பயணிகளுக்கான நீலக்கொடிப் படகும் அதே தடத்தில்தான் ஓடுகிறது, டிக்கெட் விலை மட்டும் அதிகம். அரண்மனைக்கு தா சாங் துறை, வாட் போவுக்கு தா தியன் துறை. எதிர்க்கரையில் உள்ள வாட் அருணுக்குத் தா தியனிலிருந்தே சில பாட் கொடுத்து அக்கரைப் படகில் போகலாம்.

10. அரண்மனைக்குக் காலை எட்டரைக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டிவிடும். நுழைவுக் கட்டணம் 500 பாட். தோளும் முழங்காலும் மறைய வேண்டும். சேலை, சுடிதார், முழு பேன்ட் எல்லாம் சரி. அரை டிராயரும் கையில்லாத சட்டையும் கூடாது. வழியில் யாராவது வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்” என்று டுக்டுக்கில் ஏற்றப் பார்த்தால் நிற்காமல் நடங்கள். அது ரத்தினக் கடைக்கோ தையல் கடைக்கோ கூட்டிப்போகும் வித்தை. வாயில்வரை போய் நீங்களே பார்த்த பிறகு நம்பினால் போதும்.

உள்ளே பலரும் மரகத புத்தரை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தச் சிலை 66 சென்டிமீட்டர் உயரம்தான். வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் அதன் உடையை மன்னர் மாற்றுவது மரபு. ஆனால் ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்கள் கால் மணி நேரமாவது நிற்க வேண்டிய இடம், அந்தச் சிலை இருக்கும் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபம். அதன் சுவரில் தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் முழுவதும் 178 ஓவியங்களில் ஓடுகிறது. வலமாகவே சுற்றிப் பாருங்கள், கதை வரிசையாக வரும். கதையும் நாம் அறிந்ததிலிருந்து பல இடங்களில் மாறும். ராவணன் அங்கே பச்சை நிறம், சீதை அவனுக்குப் பிறந்த மகள். அனுமன் வெள்ளை நிறத்தவன், பிரம்மச்சாரியும் இல்லை. பாட்டியையும் பேரனையும் சேர்த்து இந்தச் சுவர் முன் நிறுத்திப் பாருங்கள், வழிகாட்டி தேவைப்படாது.

11. அரண்மனையிலிருந்து வாட் போ பத்து நிமிட நடை. 46 மீட்டர் நீளச் சயன புத்தரின் பாதங்களில் சிப்பி பதித்த வேலைப்பாட்டைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். தாய் மசாஜ் கற்றுத்தரும் பழைய பள்ளி இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. கால் வலிக்கிறவர்கள் இங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். வாட் அருணை மாலை வெயில் சாயும்போது பாருங்கள். கோபுரத்தின் படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று பார்த்தாலே போதும். மூன்றையும் ஒரே நாளில் முடித்தால், அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

12. சாம் யோட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் சிவப்புத் தூண்களோடு ஒரு மாபெரும் ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. பயணத் திட்டங்களில் அதிகம் இடம்பெறாத இந்த இடம் தமிழருக்கு முக்கியமானது. பக்கத்திலுள்ள பிராமணக் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் திரியம்பாவை விழா, நம் மார்கழித் திருவெம்பாவையிலிருந்து வந்தது. அந்த விழாவுக்காகத்தான் ஒரு காலத்தில் இளைஞர்கள் இந்த ஊஞ்சலில் உயர ஆடினார்கள். ஆட்டம் 1935இல் நின்றது, சடங்கு மட்டும் கோயிலுக்குள் தொடர்கிறது. எதிரே வாட் சுதாட்டின் உள்சுவர் ஓவியங்களையும் பார்த்துவிடுங்கள். இங்கே கூட்டமே இருக்காது.

13. சீலோம் சாலையில் பான் தெரு முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலை அங்கே குடியேறிய தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டினார்கள். இன்று வரிசையில் நிற்பவர்களில் தாய்லாந்துக்காரர்களே அதிகம். சாமந்திச் சரமும் தேங்காயும் தட்டில் ஏந்தி அவர்கள் வணங்கும் பக்தி மனதைத் தொடும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும் இரவு சீலோம் சாலையில் வண்டிகள் ஓடாது. அன்று அங்கே தங்கியிருப்பவர்கள் டாக்சியை நம்ப வேண்டாம். சிட் லோம் நிலையத்தில் இறங்கினால் எராவன் நான்முகன் சன்னதி. 1956இல் நிறுவப்பட்ட இதைச் சுற்றியுள்ள வணிக வளாகங்களிலும் இந்திரன், லட்சுமி, கருடன் மேல் அமர்ந்த நாராயணன் என்று சன்னதிகள் உண்டு. ஒரே நடையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

14. சைவர்களுக்கு இது முக்கியமான குறிப்பு. ‘காய்கறி மட்டும்’ என்று சொல்லி வாங்கிய தட்டிலும் மீன் சாஸ் இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால், குழம்பு விழுதில் இறால் விழுது. அதனால் ‘ஜே’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்ற எண்ணைப் போலவே இருக்கும். அந்தக் கொடி தொங்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்றக் கடைகளில் “மாய் சாய் நாம் ப்லா” என்றால் மீன் சாஸ் போட வேண்டாம் என்று புரியும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் சைவ உணவு விழா வரும், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டி. அப்போது சீனர் பகுதியான யாவராத் தெரு முழுக்க மஞ்சள் கொடிதான். சைவக் குடும்பங்கள் அந்த நாட்களுக்கே டிக்கெட் எடுக்கலாம் என்பேன். மாம்பழத்தோடு தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசி எல்லா வயதினருக்கும் பிடிக்கும்.

15. சதுசாக் சந்தை சனி, ஞாயிறில்தான் முழுமையாக நடக்கும். காலை பத்து மணிக்குள் போனால் வெயிலுக்கு முன் வந்துவிடலாம். மிதக்கும் சந்தை என்றதும் சொல்லப்படும் டாம்னோன் சடுவாக், நகரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். நேரம் குறைவானவர்களுக்கு, நகர எல்லைக்குள்ளேயே வார இறுதியில் கூடும் தாலிங் சான் போதும்.

16. யானைச் சவாரியும் புலியோடு படம் எடுப்பதும் வேண்டாம். அந்த விலங்குகளை அப்படிப் பழக்க என்னென்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் மனம் ஒப்பாது.

17. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் இதமாக இருக்கும், ஓட்டல் விலையும் அப்போது ஏறும். ஏப்ரல் கொளுத்தும். ஆனால் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டில் ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும். நம் சித்திரை முதல் நாளும் அதே சமயம்தான். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், வாடகை குறைவு.

18. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். மன்னரைப் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேசவோ எழுதவோ வேண்டாம், சட்டம் மிகக் கடுமையானது. பெண்கள் துறவிகளைத் தொடக் கூடாது. படகில் அவர்களுக்கென்று இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். இ-சிகரெட்டைப் பெட்டியில் வைத்தே கொண்டு போகாதீர்கள், அங்கே அதற்குத் தடை.

19. 2025 மே 1 முதல் வருகைப் படிவத்தை, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் அன்றே தூதரகத் தளத்தைப் பாருங்கள். ஓட்டல் முகவரியைத் தாய் மொழியிலும் அச்சிட்டு ஒவ்வொருவர் பையிலும் ஒன்று வையுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் அதைக் காட்டி, மீட்டர் போடச் சொல்லி, அது 35 பாட்டில் தொடங்குவதைப் பார்த்த பிறகு கதவைச் சாத்துங்கள்.