சர்க்கரை தானாகக் குறைந்தால்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வார்டில் ஜெபித்துவிட்டுத் திரும்பும்போது பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். "ஐயா, ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம் பண்ணுங்க. மாத்திரையை மாத்தலை, சாப்பாட்டையும் குறைக்கலை. ஆனாலும் ரெண்டு மாசமா சர்க்கரை தானா இறங்கி வருது" என்றார். நானும் மகிழ்ச்சியோடு ஜெபித்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, "ஐயா, கிட்னி பாதிக்குமேல் போயிடுச்சாம்" என்று கண் கலங்கினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருத்துவரிடம் கேட்டேன். அவர் விளக்கியது இதுதான். இன்சுலின் தன் வேலையை முடித்தபின் அதை அப்புறப்படுத்துவதில் சிறுநீரகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலினும், சில சர்க்கரை மாத்திரைகளின் மருந்தும் இரத்தத்தில் நெடுநேரம் தங்கிவிடுகின்றன. அதனால் சர்க்கரை இறங்குகிறது. நோய் குணமானதால் அல்ல. ஆகவே அதே மருந்து, அதே உணவு என்றிருக்கும்போது சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வந்தால், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. பல வருடங்கள் சர்க்கரை மிகுந்திருந்தால் இவை பழுதடைகின்றன. இரத்தத்தில் தங்கவேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. இந்த ஆரம்ப நிலையில் வலி இராது, வீக்கம் இராது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். "நன்றாகத்தானே போகிறது" என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்:

1. சிறுநீரில் நுரை பொங்கி, நெடுநேரம் அடங்காதிருத்தல்.

2. காலையில் கண் இமைகளிலும், மாலையில் கணுக்காலிலும் வீக்கம். செருப்பு வாரின் தடம் பாதத்தில் ஆழமாகப் பதிதல்.

3. இரத்த அழுத்தம் ஏறுதல், அல்லது மருந்துக்கு அடங்காதிருத்தல்.

4. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்திருத்தல்.

5. நோய் முற்றும்போது சோர்வு, பசியின்மை, குமட்டல், உடம்பில் அரிப்பு, மூச்சு வாங்குதல்.

இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். ஆகையால் நாமே தீர்ப்புச் சொல்லாமல் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அடையாளம் தோன்றும்வரை காத்திருப்பதும் தவறு. அவற்றில் பல தாமதமாகவே வருகின்றன.

ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டு பரிசோதனைகள் தேவை. முதலாவது, சிறுநீரில் ஆல்புமின் அளவு. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நலம். காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும் இது தற்காலிகமாக ஏறலாம் என்பதால், கூடுதலாக இருந்தால் மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டாவது, இரத்தத்தில் கிரியேட்டினின். அதைக்கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள். அது 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் சிறுநீரக நோய் என்று பொருள். பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், நோய் தெரிந்த நாளிலேயே இவற்றைத் தொடங்க வேண்டும்.

நேரத்தோடு கண்டுகொண்டால் செய்யக்கூடியது அநேகம் உண்டு. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், உப்பைக் குறைத்தல், புகையிலையை விடுதல், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தவிர்த்தல் ஆகியவை நம் கையில் உள்ளன. எனலாப்ரில், லோசார்டன் போன்ற மருந்துகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. கனாக்ளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை மருந்து சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகிறது என்பதை 2019-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே வகை மருந்துகள் இன்று பலருக்கும் கொடுக்கப்படுகின்றன. இவையெல்லாம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கும் நாளைத் தூரமாக்குகின்றன.

இன்றும் யாராவது சர்க்கரை குறைந்தது என்று சொன்னால் அவரோடு சேர்ந்து ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். ஆமென் சொன்னதும், "கிரியேட்டினின் எப்போது பார்த்தீர்கள்?" என்றும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் சபையிலும் உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் நீங்களும் இந்த வாரமே அதைக் கேளுங்கள்.