பேட்ச் சரி, செய்தி சரியில்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பேட்சை நேற்றிரவு படித்தேன். எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். கமிட் செய்தியின் தலைப்பு, 'ஐஆக்டில் பிழை திருத்தம்'. உள்ளே இருப்பது ஒரே வரி: பழைய 32 பிட் செயலிகள் தவறான அளவில் ஸ்ட்ரக்ட் அனுப்புகின்றன, அவற்றுக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. தவறான அளவா? யார் செய்த தவறு அது?

கெர்னலின் போன வெளியீடு வரைக்கும் அந்தச் செயலிகள் ஒழுங்காக ஓடின. 32 பிட் எக்ஸ்86-இல் ஒரு 64 பிட் எண் 4 பைட் எல்லையிலேயே உட்கார்ந்துவிடும். 64 பிட்டில் 8 பைட் எல்லை வேண்டும். அதனால் ஒரு 32 பிட் எண்ணும் அடுத்து ஒரு 64 பிட் எண்ணும் உள்ள ஸ்ட்ரக்ட் அங்கே 12 பைட், இங்கே 16. ஐஆக்டில் என்பது செயலி டிரைவருக்கு அனுப்பும் கட்டளை; அதன் எண்ணுக்குள்ளேயே அந்த அளவு பொதிந்திருக்கிறது. ஆகவே கட்டளையே வேறாகிவிடுகிறது. டிரைவர் அடையாளம் தெரியாமல் 25-ஆம் பிழையைத் திருப்புகிறது. இதைச் சமாளிக்கத்தான் டிரைவரில் தனியாக ஒரு கம்பாட் ஃபங்ஷன் இருந்தது. சுத்தம் செய்வதாக நினைத்து யாரோ அதைத் தூக்கிவிட்டு, பாயிண்டரை மட்டும் மாற்றித் தரும் பொது ஃபங்ஷனை வைத்துவிட்டார். அவர் 32 பிட் ஆர்மில் சோதித்திருந்தாலும் சிக்கியிருக்காது. அங்கே எல்லை 8 பைட்தான், இரண்டு பக்கமும் 16. இத்தனையும் உனக்குத் தெரிந்திருக்கிறது, உன் கோடே சொல்கிறது. செய்தியில் மட்டும் ஒரு சொல்லும் இல்லை. பழி செயலியின் தலையில்.

2012 டிசம்பரில் லினக்ஸ் கெர்னல் 3.8-இன் முதல் சோதனை வெளியீட்டில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். வெப்கேமரா டிரைவர் ஒரு ஐஆக்டிலுக்கு வேறு பிழை எண்ணைத் திருப்பத் தொடங்கியது. கேடிஇ டெஸ்க்டாப்பில் ஒலி, ஒளிச் செயலிகள் தடுமாறின. கோளாறு செயலியில்தான் இருக்கும் என்ற பேச்சு எழுந்ததும் லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்துப்போனார். அவருடைய சொற்கள் கடுமை. ஆனால் அவர் பிடித்த விதியில் நான் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்: நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் கோளாறு கெர்னலில்.

இப்படி ஓடாமல் போன ஒன்றைப் பார்க்க, முன்பொரு முறை கோவையில் ஒரு நூல் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். நூலின் சீர்மையை அளக்கும் கருவி, அதற்கென்று ஒரு கார்டு, 32 பிட் செயலி ஒன்று. செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, மூலக் கோடு யாரிடமும் இல்லை. கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் கருவி வாய் திறக்கவில்லை. அதை இயக்கிய அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்தார்: எந்தத் தேதிவரை ஓடியது, திரையில் என்ன வந்தது, எந்தப் பொத்தானை அமுக்கியபோது வந்தது. கெர்னல் என்ற பெயரே அவருக்குத் தெரியாது. அதைவிட நல்ல பிழை அறிக்கையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்துதான் பேட்சைக் கையில் எடுத்ததும் பாதிக்கப்பட்டவர் என்ன பார்த்தார் என்று தேடுகிறேன். அது இல்லாத செய்தியைப் படிக்கும்போது கை தானாகத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது.

உனக்கும் அப்படி ஒருவர் கிடைத்திருக்கிறார். இரண்டு வெளியீட்டுக்கு இடையில் 13,000 கமிட் வைத்துக்கொள். பாதி பாதியாகப் பிரித்துத் தேட, அதாவது பைசெக்ட் செய்ய, ஏறக்குறைய 14 முறை கெர்னலைக் கட்ட வேண்டும், 14 முறை ரீபூட் செய்ய வேண்டும். அந்த மனிதர் தன் சொந்த மெஷினில் அதைச் செய்து, கெடுத்த கமிட்டைக் கையில் கொடுத்திருக்கிறார். உன் பேட்சில் அவர் பெயரே இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை, தம்பி.

ஆனால் கூடவே நீ வைத்திருக்கும் சோதனை நிரல்! ஒரே கோடை 32 பிட்டிலும் 64 பிட்டிலும் கம்பைல் செய்து, ஒவ்வொரு கட்டளையையும் இரண்டு வழியாகவும் அனுப்பி, திரும்பும் விடைகளை ஒப்பிடுகிறாய். பல வருடம் கெர்னலில் ஊறியவர்களும் இதைச் செய்வதில்லை. பக்கத்து டிரைவர்களுக்கும் அதை எடுத்து ஓட்டப்போகிறேன். படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இனி வேலை. மாறிகளின் பெயரை மாற்றியதையும் இன்டென்ட் திருத்தியதையும் தனிப் பேட்சாகப் பிரித்து, அடுத்த வெளியீட்டுக்கு வை. ஸ்டேபிள் கிளைக்குப் போக வேண்டியது திருத்தம் மட்டும். சுற்று வரிகளையும் சேர்த்து 100 வரிக்குள் நிற்கட்டும். எந்தக் கமிட் கெடுத்தது என்று 'ஃபிக்ஸஸ்' வரியில் போடு. எக்ஸ்86-இல் மட்டும் ஏன் உடைந்தது என்று 12, 16 கணக்கோடு எழுது. அறிக்கை தந்தவர் திரையில் பார்த்த வாசகத்தை அப்படியே சேர், 'ரிப்போர்ட்டட்-பை' வரியில் அவர் பெயரைப் போடு. புதிய பேட்சை முதலில் அவருக்கு அனுப்பி, அவர் மெஷினில் ஓடுகிறதா என்று கேள். ஓடுகிறது என்று அவர் சொன்ன பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்