கல்லடிப் பாலமும் ஒரு வெடிப்பின் ஆயுளும்

அன்புள்ள மருமகனுக்கு,

கல்லடிப் பழைய பாலத்தில் நாம் நடந்துபோகையில், சட்டமொன்றில் படிந்திருந்த கறளை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது எப்போது முறியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லலாமா, மாமா?" என்று கேட்டாயல்லவா? அதற்கு விடையாகவே இக்கடிதம்.

1924ஆம் ஆண்டில், தேசாதிபதி மானிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கி வாவியின்மேல் எழுந்த அப்பாலம், 2013இல் பக்கத்தே புதுப்பாலம் திறக்கப்படும்வரை ஏறக்குறையத் தொண்ணூறு வருஷம் பாரம் சுமந்தது. லொறியொன்று கடக்குந்தோறும் இரும்பு சிறிது இழுபட்டுத் தளர்கிறது. அவ்விழுவை அற்பமேயாயினும், இலட்சக்கணக்கான தடவை நிகழுமிடத்து, தறையாணித் துளையின் விளிம்பிலோ, உப்புக்காற்றில் கறள் தின்ற குழியிலோ, மயிரினும் நுண்ணிய வெடிப்பு பிறந்துவிடலாம்.

வெடிப்பு நீளும்போது விடுபடும் சக்தி, புதிய பரப்பை உண்டாக்கத் தேவைப்படும் சக்திக்கு ஈடாகும் கணத்திலேயே முறிவு தொடங்குகிறதென்று, கண்ணாடியை ஆராய்ந்த கிரிபித் என்பார் 1920ஆம் ஆண்டளவில் காட்டினார். பின்னர் இர்வின், தகைப்பையும் வெடிப்பின் நீளத்தையும் ஓர் அளவுக்குள் அடக்கினார். ஒவ்வொரு பாரச்சுற்றிலும் வெடிப்பு எவ்வளவு வளரும் என்பதை அவ்வளவின் ஏற்றவிறக்கத்தோடு இணைத்தவர் பாரிஸ். உருக்கில் அவ்வளர்ச்சி ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், தகைப்பின் வீச்சு இருமடங்கானால் வளர்ச்சி எண்மடங்காகும்! வெடிப்பு நீள நீள அதன் வேகமும் மிகுவதால், ஆயுளின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே கழிந்து, இறுதிப்பகுதி விரைந்து முடிந்துவிடுகிறது.

ஆகையால், முறியும் நாளைக் குறிப்பது பொறியியலாளனின் வேலையன்று. தன் கருவிக்குத் தப்பக்கூடிய வெடிப்பு ஆபத்தான நீளத்தை அடைய எவ்வளவு காலமாகும் என்று கணித்து, அக்காலத்தில் பாதி கழியுமுன்பே மீண்டும் பார்வையிடுவதுதான் அவன் கடமை. அமெரிக்காவின் ஒஹாயோ நதிமேலிருந்த சில்வர் பாலத்தில், மூட்டுக்குள் மறைந்திருந்த ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் ஆழமான வெடிப்பால் ஒரே ஓர் இரும்புச் சட்டம் அறுந்து, 1967 டிசம்பர் 15ஆம் திகதி முழுப்பாலமும் ஆற்றில் விழ, 46 உயிர்கள் மாண்டதை நினைக்கையில் இன்றும் என் நெஞ்சு பதறுகிறது. பாரத்தை ஏற்க அங்கே மாற்றுச் சட்டம் போதவில்லை. தகடுகளை அடுக்கித் தறையாணி அறைந்த சட்டங்களிலோ, ஒரு தகட்டின் வெடிப்பு அத்தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். நம் பழையவர்களின் வேலையில் நான் மதிப்பது அதைத்தான்.

மறைந்த வெடிப்பைத் தேடும் விதத்தை நீயே பார்க்க, விடுமுறைக்கு வரும்போது உன் பழைய சைக்கிளின் பெடல் தண்டைக் கழற்றிக் கொண்டுவா. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூள் பூசிவைப்போம். வெடிப்பிருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடாக எழுந்துவரும்.

அன்புடன்,
மாமா